ஒரு வருடம் பிந்திய வெள்ளிக்கிழமை

அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நான் முதல் தடவை வண்டியை நிறுத்தியபோது, உள்ளே மூன்று பிள்ளைகள் ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கதையில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டு, பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துச் சத்தமாக வாசித்தாள். கயிறு அறுகிற இடத்துக்கு வந்ததும் "தொடரும்" என்று சொல்லிப் பத்திரிகையை மடக்கினாள். கூடம் முழுக்கக் கூச்சல்.

"ஏலே, அவன் செத்துட்டானா?"

"செத்தா எப்படிலே தொடரும்?"

"யக்கா, அடுத்ததையும் படிக்கா. செத்த நேரந்தான ஆகும்."

"வரிசைப்படிதான். அடுத்த வாரம்" என்றாள் அவள். அத்தோடு சரி, அசையவில்லை.

என் தோளில் இருந்த கட்டிலும் அதே பத்திரிகைதான். பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாக வரும் பிள்ளைகள் பத்திரிகை, மாதம் இரண்டு. புதுப் பள்ளி வருடத்தின் முதல் இதழ் அது. சரக்கு ஏற்றும் இடத்தில் காத்திருந்த நேரத்தில் நான் அதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தேன். அதில் கிணறே கிடையாது. ஒரு பஸ் கண்டக்டரின் விசில் தொலைந்துபோவதைப் பற்றிப் புதிய தொடர்கதை ஒன்று அதில் தொடங்கியிருந்தது. பிறகு இவர்கள் படிக்கிற கிணறு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கட்டை இறக்கினேன், கையெழுத்து வாங்கினேன், கிளம்பினேன்.

குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஓட்டும் வேலை. திண்டுக்கல்லில் ஒருவர் ஒப்பந்தம் எடுத்திருந்தார். சாணார்பட்டி வட்டாரத்துப் பள்ளிகளுக்கு நோட்டு, பாடப்புத்தகம், செருப்பு, பத்திரிகைக் கட்டு என்று எது வந்தாலும் கொண்டுபோய் இறக்க வேண்டும். நத்தம் ரோட்டில் ஏறி, வலது கைப் பக்கம் சிறுமலையைப் பார்த்துக்கொண்டே போய், மாந்தோப்புகளுக்குள் பிரியும் பாதைகளில் புகுந்து வருவேன். நான் சொல்லும் நடுநிலைப் பள்ளி அந்தச் சுற்றில் கடைசி.

எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அப்பா ரோடு போடும் வேலைக்குப் போனவர். ரோடு எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் எங்கள் சட்டி பானையும் நகரும். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுதாக நான் படித்ததில்லை. வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் வகுப்புக்கென்று ஒரு பத்திரிகை இருந்தது. அச்சுப் பத்திரிகை இல்லை. பிள்ளைகள் அரைத்தாளில் எழுதிக் கொடுப்பதை வாத்தியார் சணலால் தைத்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுவார். நானும் ஒரு விடுகதை எழுதிக் கொடுத்தேன். அது ஆணியில் ஏறுவதற்குள் அப்பாவின் வேலை சேவுகம்பட்டிப் பக்கம் மாறிவிட்டது. அந்த விடுகதைக்கு யாராவது விடை சொன்னார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடுகதையே மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகு செய்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் எனக்கே அலுக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் கொஞ்ச காலம். கையில் தோல் உரிந்ததும் விட்டேன். பிரியாணிக் கடையில் அண்டா கழுவினேன். நிலக்கோட்டையில் பூ மூட்டை தூக்கினேன். ஒரு வேலை பழகியதும் கால் தானாக வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். கொஞ்சம் அதிகமாகத் தங்கியது பேகம்பூரில் ஒரு பாய் நடத்திய பழைய பேப்பர் கடையில்தான். காரணம், அங்கே படிக்கக் கிடைத்தது.

எடைக்கு வரும் மூட்டையை உதறி, செய்தித்தாள் தனி, நோட்டுத் தாள் தனி, அட்டை தனி என்று பிரிப்பது என் வேலை. அதில் பள்ளிக்கூடப் பத்திரிகைகள் நிறைய வரும். ஊரில் எத்தனை காலமாக இப்படிப் பத்திரிகைகள் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன என்பது அந்த மூட்டைகளைப் பிரித்துத்தான் எனக்குத் தெரியும். மிகப் பழையவை பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும். படம் குறைவு. ஒவ்வொரு கதையின் முடிவிலும் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று ஒரு கேள்வி நிற்கும். பொய் சொல்லாதே, பெரியவர்களுக்கு அடங்கி நட, கை கழுவு. சொல்ல வேண்டியதைப் பத்திரிகை சொல்லும். கேட்க வேண்டியதைப் பிள்ளை கேட்க வேண்டும்.

அடுத்து வந்தவை பள்ளி மூலமாகச் சந்தா கட்டி வாங்கியவை. ராக்கெட் எப்படிப் பறக்கிறது, ரத்தம் எப்படி ஓடுகிறது, கூடவே பரீட்சைக்கு மாதிரிக் கேள்விகள். இந்த ரகத்தை என் காலத்திலேயே பார்த்திருக்கிறேன். வகுப்பில் வாங்குகிறவர்கள் சிலர். மற்றவர்கள் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்கள். பக்கத்தைப் புரட்டுகிறவன் வேகத்துக்கு நாமும் படிக்க வேண்டும். எனக்கு வேகமாகப் படிக்க வந்தது அப்படித்தான். பாதியில் விட்டுப் பழகியதும் அப்படித்தான்.

இப்போதைய பத்திரிகைகளில் கட்டம் போட்டு இடம் விட்டிருப்பார்கள். நீ எழுது, நீ வரை, உன் ஊரில் எப்படி என்று சொல். எடைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். எப்போதாவது ஒன்றில் பென்சில் எழுத்து தெரியும். அதைத்தான் முதலில் படிப்பேன். உனக்குப் பிடித்த விலங்கு எது என்ற கட்டத்தில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "எங்கள் வீட்டு மாடு. போன வாரம் விற்றுவிட்டோம்." படத்துக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு முளைக்குச்சியும் கயிறும் மட்டும் வரைந்திருந்தது.

பாய் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, எடைக்கு வந்தத எடையாப் பாரு. எழுத்தாப் பாத்துக்கிட்டு இருந்தா நம்ம கட எப்படி நடக்கும்?"

"இதப் பாருங்க பாய்" என்று நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"மாட்ட வித்தா பாலுக்கு என்ன செஞ்சுச்சோ" என்றார். பிறகு, "சரி சரி, மூட்டையக் கட்டு."

அந்தக் கடையையும் விட்டு, இன்னும் எங்கெங்கோ சுற்றி, லைசென்ஸ் எடுத்து, கடைசியில் குட்டியானைக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ கட்டை இறக்கியபோது பெரிய டீச்சரிடம் கேட்டேவிட்டேன். பிள்ளைகள் தலைமையாசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்த வயது. நான் கொண்டுவந்த கட்டைப் பிரிக்காமலே, அலுவலறையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். பீரோவுக்குள் அதே மாதிரிக் கட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த வேப்பிலை.

"டீச்சர், நான் கொண்டாந்தது இதானே? பிள்ளைக வேற என்னத்தையோ படிக்குதுக."

"அது போன வருசத்து இதழு தம்பி."

"அப்ப இது?"

"இது அடுத்த வருசத்துக்கு."

நான் முழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நான் இங்க மாறி வந்த வருசம் ஒரு கட்டுகூட வரல. டிரைவரு ஆரம்பத்துலயே சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. அம்புட்டும் ஆபீசுல ஒரு மூலையில கிடந்திருக்கு. பரீட்சை முடிஞ்சு பிள்ளைக வீட்டுக்குப் போனப்புறம் ஒரே நாள்ல மொத்தமாக் கொண்டாந்து போட்டாக. அத என்ன செய்யிறது? எடைக்குப் போடவா? அடுத்த வருசம் பள்ளிக்கூடம் திறந்ததும் மொத இதழ்லருந்து ஆரம்பிச்சேன். அதுல தொடர்கதை இருந்துச்சு. நடுவுல தாவ முடியுமா? தாவ விடுவாங்களா இவங்க? அப்பருந்து ஒரு வருசம் பின்னாடியேதான் ஓடிக்கிட்டு இருக்கோம்."

"யாருக்கும் தெரியலையா?"

"எப்படித் தெரியும்? ஒரு இதழ ரெண்டு வெள்ளிக்கிழமையாப் பிரிச்சு, கதையையும் பாதி பாதியாப் படிப்போம். பொங்கல் இதழு பொங்கலுக்குத்தான் படிக்கிறோம். தீவாளி இதழு தீவாளிக்கு. வருசந்தானே மாறுது, மாசம் மாறலையே."

அவர் வீட்டில் நிலம் உண்டு. விதைக்கென்று எடுத்து வைத்த கடலையை, வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் வறுக்க மாட்டார்களாம். பீரோவைக் காட்டி, "இப்ப எந்த டிரைவரு வந்தாலும் வராட்டாலும் எங்க வெள்ளிக்கிழம நிக்காது" என்றார். என்னை வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் போன அந்த டிரைவரைப் பற்றிக் கேட்டபோது, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் எனக்குத் தோன்றவில்லை.

கிணற்றுக் கதையை வாசித்த பெண் எட்டாம் வகுப்பு. ஆவணியில் ஒரு நாள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிய கவரை நீட்டினாள்.

"அண்ணே, திண்டுக்கல்ல தபால் பெட்டியில போட்டுர்றீகளா?"

கவரில் பத்திரிகையின் விலாசம். வீட்டில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று போன வருடத்து இதழில் ஒரு போட்டி இருந்ததாம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கடைசித் தேதி போய் ஒரு வருடம் ஆகிவிட்டதே என்று எப்படிச் சொல்வதென்று தடுமாறினேன். அவளே சொன்னாள்.

"தேதி முடிஞ்சது தெரியும்ணே. எங்க டீச்சர் வருசம் பின்னாடி இருக்கிறதும் தெரியும். அட்டையில போட்டிருக்குல்ல. பரிசெல்லாம் வேணாம். அச்சுல வந்தாப் போதும்."

"மத்த பிள்ளைகளுக்கும் தெரியுமா?"

"அட்டைய யாரு பாக்குறா? எல்லாரும் கிணத்துக்குள்ளல்ல இருக்காங்க."

பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு நான் போகிற ஒவ்வொரு தடவையும் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் தலை ஜன்னலில் தெரியும். "அண்ணே, வந்துச்சா?" நானும் சரக்கு ஏற்றும் இடத்தில் கட்டின் ஓரத்தைத் தளர்த்தி ஒரு இதழை உருவி, பிள்ளைகள் எழுதும் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஐப்பசியில் இல்லை. கார்த்திகையில் இல்லை. "இல்ல ஆத்தா" என்று சொல்லச் சொல்ல எனக்கே ஏதோ நான் கொண்டுவராமல் விட்டதுபோல ஆகிவிட்டது.

பொங்கல் கழிந்து வந்த கட்டில் இருந்தது. தலைப்பு, "புளி தட்டுதல்". கீழே அவள் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர். ஏற்றிக்கொண்டிருந்த ஆளிடம் காட்டினேன். "உங்க மகளாண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன என்ன?" என்றார். இதழைத் திரும்பக் கட்டில் செருகினேன்.

சின்னக் கட்டுரைதான். ஒப்பந்தக்காரர் மரத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பழத்தை உலுக்கி வீடு வீடாகக் கொடுப்பார். மேல் ஓட்டை உடைத்து, நாரை உருவி, இரும்பால் தட்டிக் கொட்டையை எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் எழுதிவிட்டு அவள் இப்படி எழுதியிருந்தாள்: "புளியை மத்தியான வெயிலில் தட்டினால் கொட்டை சீக்கிரம் விடும். காலையில் தட்டினால் ஒட்டும். என் அம்மா காலையில்தான் தட்டுகிறார். மத்தியானம் தோப்பு வேலைக்குப் போக வேண்டும். அதனால் எங்கள் வீட்டுப் புளி எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். கை கறுத்துவிடும். சோப்புப் போட்டால் போகாது. சித்திரையில் தானாகப் போகும்."

அன்றைக்குச் சுற்றைத் திருப்பிப் போட்டு அந்தப் பள்ளிக்கே முதலில் போனேன். பெரிய டீச்சர் நின்றுகொண்டே படித்தார். அவளைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கட்டைத் தூக்கிக்கொண்டு பீரோவைத் திறக்கப் போனார். கை பழக்கம்.

"டீச்சர்" என்றேன். "இத உள்ள வச்சா அடுத்த வருசந்தானே வெளிய வரும்?"

அவர் கை பூட்டில் நின்றது. அடுத்த தை மாதம் இந்த இதழ் கூடத்தில் வாசிக்கப்படும்போது இவள் இங்கே இருக்க மாட்டாள். எட்டாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

டீச்சர் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி அவளிடம் கொடுத்தார். "இந்தா, நீயே வச்சுக்க. புதுப் பள்ளிக்கூடத்துல போய்க் காட்டு."

அவள் வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். நான் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"கடேசி வரியக் காணோம்ணே."

"என்ன வரி?"

"நான் எழுதுனதுல கடேசியா ஒரு வரி. அத விட்டுட்டாங்க."

"இடம் பத்தாம எடுத்திருப்பாங்க. என்ன எழுதியிருந்த?"

"இப்பச் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் படிக்கிறப்ப சொல்லுவேன்." எழுந்து போய்ப் பிரதியை டீச்சர் மேசையில் வைத்தாள். "எனக்கு எதுக்கு டீச்சர் இது? நான் எழுதுனதுதானே, எனக்குத் தெரியாததா? இவுக படிக்கணும்."

"புதுப் பள்ளியிலயும் படிப்பாகம்மா."

"அங்க யாரு வீட்டுல புளி தட்டுறாக? நான் எழுதுனது சரியா தப்பான்னு இங்க உள்ளவுகளுக்குத்தான் டீச்சர் தெரியும்."

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. எத்தனை மூட்டை பத்திரிகை பிரித்திருப்பேன். எழுதுகிறவர் ஒரு ஊரில், படிக்கிறவர் ஒரு ஊரில். சரியா தப்பா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து இந்த வெள்ளிக்கிழமையே வாசித்துவிடலாம் என்று டீச்சர் கூடத்தில் சொன்னார். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்துவிட்டான். கிணற்றுக்குள் கயிறு அறுந்தபோது கத்தியவன்.

"அதெப்படி டீச்சர்? நாங்க அடுத்த பாகம் கேட்டப்பெல்லாம் இந்தக்கா என்ன சொல்லுச்சு? வரிசைப்படிதான்னு சொல்லுச்சுல்ல? இப்ப அவங்களுதுன்னா மட்டும் தாவலாமா?"

"ஏலே, உக்காருடா. வக்கீலு" என்றது ஒரு குரல்.

"அவன் சொல்றது சரிதான்" என்றாள் அவள். முகம் சிவந்துபோயிருந்தது. "தனியா எடுத்துப் படிச்சா எனக்காகப் படிச்ச மாதிரி இருக்கும் டீச்சர். வேணாம். வரிசையில வரட்டும்."

"வரிசையில வர்றப்ப நீ எங்க இருப்ப?"

அந்த வக்கீல் பையன்தான் திரும்ப எழுந்தான்.

"அப்ப தெனம் படிப்போம் டீச்சர். சோறு தின்னுட்டு. பரீட்சைக்குள்ள முடிச்சுருவோம்."

ஒரு வருடத்து இதழ்களை இரண்டு மாதத்தில். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். டீச்சர் மட்டும் தூக்கவில்லை. என்னை அலுவலறைக்குக் கூப்பிட்டார்.

"படிச்சு முடிச்சா பீரோ காலியாயிரும் தம்பி. அப்புறம் நான் உங்க வண்டியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். நீங்க இருப்பீங்களா?"

அவர் கேட்டது நேரம் பார்த்துக் கேட்டது போலிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி வைத்திருந்த ஒருவரிடம் நான் ஏற்கெனவே வார்த்தை கொடுத்திருந்தேன். மார்க்கெட்டில் ஏற்றி, பழனி வழியாகக் கேரளாவுக்கு. மாசி பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மலைப்பாதை, புது ஊர், புதுப் பேச்சு. என் காலுக்குப் பிடித்த வேலை.

"பள்ளிக்கூடம் மூடுற வரைக்கும் இருப்பேன் டீச்சர்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சொல்லத் தெரியல."

அவர் கோபப்படவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதையாவது எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பீரோச் சாவியைச் சேலை முந்தானையிலிருந்து அவிழ்த்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

மாசி பிறந்தது. புளி வீடு வீடாக இறங்கியது. நான் போகும்போதெல்லாம் அந்த ஊர்த் தெருக்களில் தட்டுகிற சத்தம் கேட்கும். வாசல் வாசலாகக் கொட்டையும் ஓடும் தனித்தனியாகக் குவிந்திருக்கும். பிள்ளைகளின் விரல்கள் கறுத்தன. பத்திரிகையின் ஓரங்களும் கறுத்தன. மத்தியானச் சோறு முடிந்ததும் கூடம் நிறைந்துவிடும். கிணற்றுக் கதையை வாரா வாரம் இழுத்தவர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். கடைசி பாகம் வாசித்த அன்று நான் அங்கே இருந்தேன். கயிறு அறுந்தவன் பிழைத்து, மூன்று பேரும் வேறொரு வாய்க்கால் வழியாக வெளியே வந்துவிட்டார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றான் வக்கீல். நிஜமாகவே ஏமாந்துபோயிருந்தான். "வாரா வாரம் கேட்டப்ப நல்லா இருந்துச்சு."

அவன் சொன்னதும் உண்மைதான். ஒரு வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகள் கிணற்றுக்குள் கிடந்தால்தான் இவர்கள் பள்ளிக்கு வரும் வழியில் அவர்களைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த நாளே வெளியே வந்துவிட்டால் பேச என்ன இருக்கிறது? பத்திரிகை என்று ஒன்றை மொத்தமாகக் கட்டிப் புத்தகமாகக் கொடுக்காமல், துண்டு துண்டாக அனுப்புவதில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறதென்று நான் பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்து படித்தபோது தெரியவில்லை. அங்கே எல்லா பாகமும் ஒரே மூட்டையில் கிடக்கும். அல்லது ஒன்றுமே கிடக்காது.

ஒட்டன்சத்திரத்துக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, வர்றீங்களா இல்லீங்களா? வண்டி சும்மா நிக்குதுங்க."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒரு சரக்கு பாதியில நிக்குது."

"என்ன சரக்குங்க?"

"பேப்பரு."

"பேப்பரா? அது அழுகவா போகுதுங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர்கள் தை மாதத்து இதழை எட்டினார்கள். இந்த வருடத்துத் தை. நான் கட்டை இறக்கிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். வாசிக்க வேண்டியவள் அன்றைக்கு வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நான் எழுதுனத நானே படிச்சா என்னத்துக்கு?" என்று பத்திரிகையை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அட்டையிலிருந்தே தொடங்கினான். விசில் கதையின் பாகம், புதிர், ஒரு பாட்டு. வரிசைப்படி. அந்தப் பக்கம் வந்ததும் அவள் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தான். "காலையில் தட்டினால் ஒட்டும்" என்று படித்த இடத்தில் நின்றான்.

"இது தப்பு."

"என்னலே தப்பு?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"எங்க வீட்ல காலையிலதான் நல்லா விடும். மத்தியானம் பிசுபிசுன்னு ஆயிரும்."

"உங்க வீட்ல ராத்திரியே முத்தத்துல விரிச்சுப் போட்டுருவீக. அது காஞ்சு போயிருக்கும். எங்களுக்கு விரிக்க இடமில்ல, சாக்குலயே இருக்கும்."

"அது மரத்தப் பொறுத்து" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "ரோட்டு மரத்துப் புளி காலையில ஒட்டும். தோப்பு மரம் ஒட்டாது."

"ஏய், புளியில என்னடி ரோட்டுப் புளி, தோப்புப் புளி?"

"எங்கம்மாவக் கேளு."

"சித்திரையில தானாப் போகும்னு போட்டிருக்கே, எனக்கு வைகாசி வரைக்கும் இருக்கும். இங்க பாரு." ஒரு கை உயர்ந்தது. இன்னொரு கை. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கக் கறுத்த கைகள். பெரிய டீச்சர் அடக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அவள் எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலதை ஒத்துக்கொண்டாள். தோப்பு மரத்தை ஒத்துக்கொண்டாள். வைகாசியை ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தில் அத்தனை சந்தோஷம். யாராவது நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னார்களா என்றால், ஒருவரும் சொல்லவில்லை.

"முடிச்சுட்டேன்" என்றான் வக்கீல். "கீழ ஒண்ணுமில்ல."

"இருக்கு. அத விட்டுட்டாங்க" என்றாள். "கடேசி வரி நான் சொல்றேன்."

"இவ்வளவு செய்தாலும் எனக்குப் புளிக்குழம்பு பிடிக்காது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வக்கீல் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். "எனக்கும்" என்றது ஒரு குரல். "எனக்கும்." தினம் புளியில் கை வைக்கிற பிள்ளைகள், வீட்டில் அதே குழம்பு.

நான் கிளம்பும்போது பீரோ திறந்தே கிடந்தது. தைக்குப் பிறகு வந்த சில கட்டுகளையும் லீவில் படிக்கவென்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று; உள்ளே காய்ந்த வேப்பிலைச் சருகுகள்தான். டீச்சர் அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"அடுத்த கட்டு எப்ப தம்பி?"

"ரெண்டு வாரத்துல டீச்சர்."

"நீங்கதானே?"

"நான்தான்."

மறுநாள், பரீட்சைக்காகச் சனிக்கிழமையும் வகுப்பு வைத்திருந்த கோபால்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நோட்டு இறக்கப் போனேன். மத்தியான இடைவேளை. வராந்தாவில் இரண்டு பெண்பிள்ளைகள் அதே தை மாதத்து இதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். புளி தட்டும் பக்கம்தான் திறந்திருந்தது.

"அதுல ஒரு வரி விட்டுப்போச்சு ஆத்தா" என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சுமை இறக்குகிற ஆளுக்கு என்ன தெரியும் என்கிற பார்வை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதுன பிள்ளையே சொல்லுச்சு."

"என்ன வரி?"

சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த இடத்தை அளப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.